அப்பாகிட்ட சொல்லு

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பட்டர்வொர்த்தை ஒட்டிய பாகான் டாலாமில் நாங்கள் குடியிருந்த பிளாட்டில் சுவர்கள் மெல்லியவை. மேல் வீட்டில் கரண்டி விழுந்தால் எங்களுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி துணி காயப்போட வரும்போது அம்மாவிடம் சொல்வார்: "உங்க வீட்டுல ஒரு சத்தமும் இல்லலா. கொடுத்து வச்சவங்க நீங்க." அம்மா சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவார்.

சத்தம் இல்லாததற்குக் காரணம், அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதுதான்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். தீபாவளிக்கு அப்பா எடுத்துவந்த சேலையை அம்மா கட்டிக்கொண்டார். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் கஞ்சி வைத்தார். பேச்சு மட்டும்தான் இல்லை. பேச வேண்டியதெல்லாம் என் வழியாகப் போனது.

"பாப்பா, அப்பாகிட்ட சொல்லு, கேஸ் முடியப்போகுது."

அப்பா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து காலுறை போட்டுக்கொண்டிருப்பார். நான் அவர் பக்கம் திரும்பி, "அப்பா, கேஸ் முடியப்போகுதாம்" என்பேன். அப்போதுதான் கேட்டதுபோல அவர் நிமிர்வார். "சாயங்காலம் சொல்லி விடுறேன்னு அம்மாகிட்ட சொல்லு." நான் அம்மா பக்கம் திரும்புவேன்.

எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது ஒரு தோழியின் வீட்டுக்குப் போனேன். மீன் குழம்பில் புளி அதிகமாகிவிட்டதென்று அவளுடைய அம்மாவும் அப்பாவும் நேருக்கு நேர் நின்று கத்திக்கொண்டார்கள். தோழி அதைக் கவனிக்காமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தியதால் அல்ல. நடுவில் யாரும் இல்லாமல் இரண்டு பேர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று.

கொஞ்சம் வளர்ந்தபின் அந்த வேலை எனக்கு நன்றாகவே கைவந்தது. அம்மா பாலர் பள்ளியில் ஆசிரியை. நாளெல்லாம் சின்னப் பிள்ளைகளிடம் கெஞ்சிக் கொஞ்சிப் பேசிவிட்டு வீட்டுக்கு வரும்போது அவரிடம் மென்மை மிச்சம் இருக்காது. "அவருக்கென்ன, கம்பெனிதான் வீடு" என்பார். நான் அப்பாவிடம், "அம்மாவுக்கு இன்னைக்கு ரொம்ப டயர்டாம்" என்று சொல்வேன். அப்பா பத்து காவானில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மாறி மாறி ஷிப்ட். அவர், "ஒரு தே போட்டுக் குடுக்க இந்த வீட்டுல ஆள் இல்ல" என்றால், நான் அம்மாவிடம் போய், "அப்பா தே கேக்குறாரு, நானே போடவா?" என்பேன். எது போய்ச் சேரலாம், எது வழியிலேயே நின்றுவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். நின்றுவிட்டவை எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. நானும் யோசித்ததில்லை.

இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவத்தில் இருந்தபோது எனக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அப்படித்தான் முதலில் சொன்னோம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலை, என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அழுகை வரவில்லை. பயமும் இல்லை. காலை எடுத்துத் தரையில் வைக்க வேண்டும் என்று தெரிகிறது, வைக்க வேண்டிய ஆள் உள்ளே இல்லை. சாப்பாடு காகித அட்டையை மெல்வதுபோல இருந்தது. தோழிகள் அனுப்பும் செய்திகளைப் படிப்பேன். பதில் எழுதுவது மலையேறுவதுபோலத் தோன்றும். போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். தலை குளிக்காமல் முடி சிக்குப்பிடித்துக் கிடந்தது. அம்மா ஒரு நாள் எண்ணெய் தடவி, அவிழ்க்கப் பார்த்து, முடியாமல், கத்திரிக்கோலை எடுத்து வெட்டினார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் முடி தரையில் கிடந்ததை யாருடைய முடியையோ பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

பள்ளியிலிருந்து ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் சொல்லித்தான் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருந்த இளம் டாக்டர் மலாயில் நிதானமாகக் கேட்டார். தூக்கம் எப்படி, பசி எப்படி, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதுண்டா. கடைசிக் கேள்விக்கு நான், "சில நாள்" என்றேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார், கெமுருங்கான் என்று. வெளியே வந்ததும் அம்மா கேட்டார்:

"தமிழ்ல அதுக்கு என்ன?"

"மன அழுத்தம்னு சொல்வாங்கன்னு நெனைக்கிறேன்."

"அது எல்லாருக்கும் இருக்குல்ல?"

அவர் கேட்டது தப்பில்லை. வேலைக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் எல்லாரும் அந்த வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். எனக்கு வந்ததற்கு என்னிடம் வேறு வார்த்தை இல்லை.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மருந்து கொடுத்தார்கள். அங்கே இருந்த மனநல மருத்துவர், குடும்பமாக ஒரு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது என்று சொல்லி, தீவில், ஜார்ஜ் டவுனில் இருந்த ஒரு மையத்தைக் குறித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கட்டிலருகே வந்து நின்றார்.

"அப்பா சனிக்கிழம லீவு எடுப்பாரான்னு கேளு."

அப்பா வேலையிலிருந்து வந்து கதவருகே நின்றார். "அம்மா வருவாங்களான்னு கேளு."

நான் படுத்தபடியே இரண்டு பேருக்கும் கேட்டுச் சொன்னேன். எனக்கு வைத்தியம் பார்க்கப் போவதற்கும் நானே தூது போனேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அப்பா ஓட்டும் காடியில் எப்போதும் நான்தான் முன்னால் உட்காருவேன், அம்மா பின்னால். அன்றும் அப்படியேதான் தீவுக்குப் போகும் பாலத்தைக் கடந்தோம். மையம் சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இருந்தது. கீழே நாணயம் மாற்றும் கடைக்காரர் அப்போதுதான் இரும்புக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். மாடிப்படி செங்குத்தாக இருந்தது. நான் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினேன். பதினாறு வயது. பின்னால் ஏறிய அம்மாவும் நின்றார், அவருக்குப் பின்னால் அப்பாவும்.

ஆலோசகர் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண்மணி. குட்டையாக வெட்டிய முடி, மூக்கில் நழுவிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். வீட்டில் ஆங்கிலம் பேசியே வளர்ந்தவர் என்பது பேச்சில் தெரிந்தது. "என்ட தமிழ் கொஞ்சம் வீக். பிழையாச் சொன்னா சிரிக்காதீங்கோ" என்று தொடங்கினார். அம்மா உடனே, "இல்ல மேடம், அழகா இருக்கு" என்றார். அம்மா யாரோடும் அப்படிப் பேசுவார். அவருக்குப் பேசத் தெரியாமல் இல்லை.

முதல் சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அறையில் ஒரு நீண்ட சோபா, எதிரே அவருடைய நாற்காலி. நான் நடுவில், இரண்டு பக்கமும் அவர்கள். இருவரும் அவரைப் பார்த்தே பேசினார்கள். நல்ல பிள்ளை, எந்தத் தொந்தரவும் கொடுத்ததில்லை, நன்றாகப் படிப்பாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு சனிக்கிழமை அம்மாவிடம், "பிள்ளையைப் பத்தி உங்களுக்கு இருக்கிற பயத்தை அவருக்குச் சொல்லுங்கோ" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். "அப்பாகிட்ட சொல்லு..."

ஆலோசகர் கையை உயர்த்தினார். "பிள்ளை வேண்டாம். நீங்களே."

அம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. அப்பா தன் காலணியைப் பார்த்தார். ஏர்கான் ஓடும் சத்தம் கேட்டது. கீழே தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. தாங்க முடியாமல், "அம்மா என்ன சொல்ல வர்றாங்கன்னா..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"இது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு, என்ன?" என்றார் அவர் என்னிடம்.

அவ்வளவுதான் கேட்டார். மாதக்கணக்கில் வராத அழுகை அப்போது வந்தது. சத்தம் போட்டு அழுதேன். இரண்டு பக்கமிருந்தும் இரண்டு கைகள் என் முதுகுக்கு வந்தன. அங்கே ஒன்றோடொன்று பட்டதும் இரண்டும் பின்வாங்கிக்கொண்டன. அதை நான் முதுகிலேயே உணர்ந்தேன்.

அடுத்த வாரம் முதல் என்னைத் தனி நாற்காலியில் உட்காரச் சொன்னார். சோபாவில் அவர்கள் இருவர் மட்டும். நடுவில் நான் இருந்த இடம் காலியாகவே கிடந்தது.

அந்த மாதம் அப்பாவுக்கு இரவு ஷிப்ட். வேலை முடிந்து பத்து காவானிலிருந்து வீட்டுக்கு வந்து எங்களை ஏற்றிக்கொண்டு அப்படியே பாலம் ஏறுவார், தொழிற்சாலைச் சட்டைகூட மாற்றாமல். ஒரு நாள் ஆலோசகர் என்னிடம் மருந்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அப்பாவின் தலை மெல்லச் சாய்ந்தது. குறட்டை கேட்டது. அம்மாவுக்கு வெட்கம் பிடுங்கியது.

"பாப்பா, அப்பாவ எழுப்பு."

"நீங்களே எழுப்புங்கோ" என்றார் ஆலோசகர்.

"ஐயோ, வேணாம் மேடம், அவரு டயர்டு..."

"சரி. அப்ப தூங்கட்டும்."

அவர் தூங்கினார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை தொங்கியது. அட்டைப் படத்தில் இருந்த அப்பாவுக்கு முடி அடர்த்தியாக இருந்தது. சோபாவில் இருந்தவருக்கு உச்சியில் தோல் தெரிந்தது. அம்மாவும் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். வெகுநேரம் பார்த்தார். அவரை அவ்வளவு நேரம் அம்மா பார்த்து நான் கண்டதில்லை. பிறகு கையை நீட்டினார். தோளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே கை நின்றுவிட்டது. விரல்கள் மடங்கின. மறுபடி விரிந்தன. தொட முடியவில்லை.

"என்னங்க" என்றார் அம்மா.

மெல்லத்தான் சொன்னார். நான் அதற்கு முன் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை, அல்லது கேட்ட வயது என் நினைவில் இல்லை. எங்கள் பேச்சுக்கும் தெருச் சத்தத்துக்கும் எழாத மனிதர், அந்தச் சொல்லுக்கு விசை தட்டியதுபோல எழுந்தார். "ஆ, என்ன, என்ன?" என்று அம்மாவையே பார்த்துக் கேட்டார். கண்கள் சிவந்திருந்தன. அம்மா, "ஒண்ணுமில்ல. தூங்கிட்டீங்க" என்றார்.

வீட்டில் பழக ஒரு பயிற்சி கொடுத்தார் ஆலோசகர். சாப்பிடும்போது ஒரு விஷயமாவது நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது. நாங்கள் மூவரும் பரீட்சை எழுதுவதுபோலச் சாப்பிட்டோம். சோறு பாதி முடிந்தபோது அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "உப்பு" என்றார். அம்மா உப்பு டப்பாவைத் தள்ளினார். அன்றைய பேச்சு அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை அதைச் சொன்னபோது ஆலோசகர் சிரித்துவிட்டார். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்த அறையில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

ஏன் பேசுவதை நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. எப்போது கடைசியாகப் பேசினீர்கள் என்றுதான் ஒரு நாள் கேட்டார். அப்பா, "ஞாபகம் இல்ல" என்றார்.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் அம்மா. "ஆஸ்பத்திரியில."

எனக்கு ஒரு தம்பி பிறந்தான் என்று தெரியும். பிறக்கும்போதே உயிர் இல்லை. எனக்கு அப்போது பாலர் பள்ளி வயது. அம்மாவின் பெரிய வயிறும், பக்கத்து வீட்டில் நான் தங்கியிருந்ததும், பிறகு அம்மா வயிறு இல்லாமல் திரும்பி வந்ததும் துண்டு துண்டாக நினைவிருக்கிறது. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பேச்சே இல்லாத வீட்டில் அது மட்டும் தனியாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு அப்போது ரத்தம் நிற்காமல் நினைவு வருவதும் போவதுமாக இருந்ததாம். பெரியம்மா வந்து, பிள்ளையைக் காட்ட வேண்டாம், பார்த்தால் தாங்க மாட்டாள், நீயே எடுத்துக்கொண்டு போய்விடு என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். இதை அம்மா சொல்லி முடித்ததும் அப்பா பேச ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நர்ஸ் மிஸ்ஸி வெள்ளத் துணியில சுத்திக் கொண்டாந்து கையில குடுத்தாங்க. கனமே இல்ல. காடில பக்கத்து சீட்டுல வச்சேன். மனசு கேக்கல. திரும்ப எடுத்து மடியில வச்சுக்கிட்டுத்தான் ஓட்டுனேன். அங்க குழி வெட்டுனவரு, மொகத்தப் பாத்துக்கங்கண்ணே, பெறகு பாக்க முடியாதுன்னாரு. நான் வேணாம்னுட்டேன்."

அம்மா முழுதாக அவர் பக்கம் திரும்பியிருந்தார்.

"வார்டுல நான் உங்கள ஒண்ணுதான் கேட்டேன். யாரு மாதிரி இருந்தான்னு கேட்டேன். நீங்க ஜன்னல்கிட்ட போய் நின்னுக்கிட்டீங்க."

"என்ன சொல்றது?"

"எதையாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நான் பாக்கலயே. துணிய வெலக்கிப் பாக்கவே இல்ல. பாத்தா அங்க விட்டுட்டு வர முடியாதுன்னு தோணுச்சு. பாக்கலன்னு உங்கிட்ட எப்படிச் சொல்ல? நீ பெத்தவ. நான் பாத்திருக்கணும்ல?"

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கணக்குப் புரியாத பிள்ளையைப்போல அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப, அவன யாருமே பாக்கலயா?"

அப்பா இல்லையென்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். ஆண்கள் அழுவதை நான் சாவு வீடுகளில் பார்த்திருக்கிறேன். இது வேறு. சத்தம் வெளியே வராமல் உடம்பு மட்டும் குலுங்கியது. அம்மா அவரைத் தொடவில்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து, சோபாவில் இருவருக்கும் நடுவில் இருந்த காலி இடத்தில் வைத்தார். அப்பா அதை எடுத்துக்கொண்டார்.

அவர்கள் பேசி முடிக்கும்வரை இரண்டு பேரும் என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை என்பது எனக்கு மாடிப்படி இறங்கும்போதுதான் உறைத்தது.

சூலியா தெருவில் ஒரு கடைக்குள் போய் உட்கார்ந்தோம். யாருக்கும் சாப்பிட முடியவில்லை. அப்பா மூன்று தே சொன்னார். "ஒண்ணு சீனி கம்மி" என்றார் கடைக்காரரிடம். அம்மாவுக்குச் சீனி கம்மியாக வேண்டும் என்று நான் ஒருபோதும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. அது ஒன்று மட்டும் என் வழியாகப் போகாமல் அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கதையைப் பிறரிடம் சொல்லும்போது இங்கே நிறுத்தச் சொல்கிறது அவர்கள் முகம். உண்மை வெளியே வந்தது, பிள்ளை குணமானாள் என்று கேட்க எல்லாருக்கும் விருப்பம். எங்கள் வீட்டிலும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்னால் எழுந்திருக்க முடியவில்லை. திங்களும் முடியவில்லை. அந்த வாரம் இன்னும் மோசமாகவே இருந்தது. அம்மா போர்வையை விலக்கினார்.

"எல்லாத்தயும் பேசியாச்சுல்ல? இன்னும் ஏன் எந்திரிக்க மாட்டேங்குற?"

கோபத்தில் கேட்கவில்லை. கெஞ்சிக் கேட்டார். தன் நெஞ்சில் கிடந்ததில் மிகப் பெரியதை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார். அதுவும் போதவில்லை என்றால் இனிக் கொடுக்க அவரிடம் என்ன இருக்கிறது? நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்வேன்?

அடுத்த முறை போனபோது அம்மா இதையே ஆலோசகரிடமும் கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, நீங்கள் ரெண்டு பேரும் பேசினது பிள்ளைட சுமையைக் குறைக்கும். ஆனா அது மருந்தில்ல. இது வருத்தம், ஒரு நோய். காய்ச்சல் மாதிரி, ஆஸ்த்மா மாதிரி ஒரு வருத்தம். ஒரே ஒரு காரணத்தால வாறதில்ல. ஒரே ஒரு நாளில போறதும் இல்ல."

"அப்ப இவ்வளவும் எதுக்கு?" என்றார் அம்மா.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தெரியேல்ல, அம்மா. நீங்கள்தான் சொல்ல வேணும்" என்றார். அந்தப் பதில் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. திரும்பும் வழியில் பாலம் முடியும்வரை கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு பின்சீட்டிலிருந்து, "எங்க வச்சீங்கன்னு காட்டுங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று நானும் அப்பாவும் ஒரு கணம் குழம்பினோம். அப்பா கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

அந்த மயானம் எங்கள் கரையில், பெருநிலத்தில், சாலையை ஒட்டி இருந்தது. வெயில் ஏறியிருந்தது. வாசலுக்குச் சற்று முன்னால் ஒரு கடையில் அப்பா உதிரிப் பூ வாங்கினார். உள்ளே போய், சின்னப் பிள்ளைகளைப் புதைக்கும் மூலை எது என்று தேடினார். ஒரு மரம் இருந்தது என்றார். மரம் இல்லை. புதிதாக வேலி போட்டிருந்தார்கள். மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். பெயரில்லாத சிறு மேடுகள் புல்லோடு புல்லாக அமிழ்ந்து கிடந்தன. அப்பா ஓரிடத்தில் நின்றார். பிறகு தள்ளிப் போய் இன்னோரிடத்தில் நின்றார். "இங்கதான்... இல்ல, இந்தப் பக்கம்" என்று சொல்லிச் சொல்லி நடந்தவர் கடைசியில் நின்று எங்களைப் பார்த்தார். எதையோ உடைத்துவிட்டு நிற்கும் பையனைப்போல இருந்தது அவர் முகம்.

எனக்கு நிற்க முடியவில்லை. வேலியோரம் உட்கார்ந்துவிட்டேன். தம்பியை நினைத்து அழ முயன்றேன், வரவில்லை. முகமில்லாத ஒருவனை எப்படி நினைப்பது என்று தெரியவில்லை. அம்மா பூப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு மேட்டில் வைக்கவில்லை. அந்த மூலை முழுவதும் நடந்து, எல்லா மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். யாருடைய பிள்ளைகளுக்கெல்லாமோ போய்ச் சேர்ந்தது அந்தப் பூ. அது தீரும்வரை அப்பா பின்னாலேயே போனார். முடித்துவிட்டு அம்மா வேர்வையைத் துடைத்தபடி, "தண்ணி இருக்கா?" என்று கேட்டார். அப்பா காடிக்கு ஓடினார். ஓடித்தான் போனார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சத்தம் வந்தது. மின்சாரக் கட்டணம், பெரியம்மா வீட்டுக் கல்யாணம், அப்பா குளியலறையில் விட்டு வரும் ஈரத் துண்டு, எல்லாவற்றுக்கும் சண்டை. தேங்கிக் கிடந்த கோபத்தில் பாதி துண்டின் மேல் விழுந்தது. சமாதானமான தம்பதியாக அவர்கள் மாறவே இல்லை. ஒரு தடவை அம்மா பையை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சில வாரம் இருந்துவிட்டும் வந்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்னிடம் இரக்கத்தோடு, "என்னம்மா ஆச்சு உங்க வீட்டுக்கு?" என்று கேட்டார். பழைய பழக்கத்தில் நான் நடுவே போய் நிற்கப் பார்ப்பேன். "நீ போய்ப் படு, இது எங்க விஷயம்" என்பார் அப்பா. எனக்கு அது நிம்மதியாக இருந்ததா என்று கேட்டால், உடனே இல்லை. வேலை போனவளைப்போல இருந்தேன். வீட்டில் நான் எதற்கு இருக்கிறேன் என்று சில நாள் உண்மையாகவே புரியவில்லை. அதையும் அந்த அறையில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

மருந்தை மாற்றினார்கள். மெல்லத்தான் தேறினேன். தேறினேன் என்பதே பெரிய வார்த்தை. ஒரு காலை பல் தேய்த்தேன். இன்னொரு காலை கடைவரை நடந்தேன். என் வகுப்புத் தோழிகள் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு எழுதி, படங்கள் போட்டு, ஆளுக்கொரு திசையில் போனபின், நான் அடுத்த ஆண்டு எனக்குத் தெரியாத பிள்ளைகளோடு எழுதினேன். நெருக்கமாக இருந்த ஒருத்தியின் தொடர்பே விட்டுப் போனது. அவளைக் குறை சொல்ல முடியாது. கவிழ்த்து வைத்த போனுக்கு ஒருவர் எத்தனை நாள் பேசுவார்? ஆனாலும் இன்றுவரை அவள் குரல் மாதிரி யாராவது பேசினால் திரும்பிப் பார்க்கிறேன்.

இப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பட்டர்வொர்த்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. போன ஆண்டு அது திரும்ப வந்தது. வரும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். சொல்லி வைத்திருந்ததால் வலி குறையவில்லை. ஒரு காலை மறுபடி அதே மாதிரி கட்டிலில் கிடந்தேன். அம்மா கதவருகே வந்து பார்த்தார். இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. "என்னங்க, காடிய எடுங்க" என்று மட்டும் குரல் கொடுத்தார்.

மருத்துவமனையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்பாவுக்கு மூட்டு வலி, ஓய்வு பெற்றுவிட்டார். அம்மாவுக்குக் கண்ணில் புரை வளர்கிறது. நான் காலையில் மருந்து போட்டேனா இல்லையா என்று இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பெற்றவர்கள் இந்த வயதிலும் எனக்காக இந்த பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன். நினைக்க மட்டும்தான் முடிந்தது. வாயைத் திறந்து சொல்ல அன்றைக்குத் தெம்பில்லை.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அம்மா தன் மலாயில், தட்டுத் தடுமாறி, இது எப்போது முழுதாகப் போகும் என்று கேட்டார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சொல்ல முடியாதம்மா என்றார். சிலருக்குப் போகும், சிலருக்கு வந்து வந்து போகும். அம்மா அப்பாவைப் பார்த்தார்.

"சரி டாக்டர்" என்றார் அப்பா. "அடுத்து எப்ப கூட்டிட்டு வரணும்?"